கல்லெறிந்த கை

போன வருடம், தொண்ணூற்றொன்றில் நடந்த காவிரிக் கலவரத்தின்போது வந்த ஒரு பழைய செய்தித்தாள் படத்தை லினோ என்கிற மெத்தென்ற விரிப்பில் செதுக்கி, மை தடவி அச்சடித்துக்கொண்டிருந்தேன். மைசூரில் ஒரு தமிழரின் ஜவுளிக்கடை வாசலிலிருந்து எடுத்த படம். எதிரே ஒருவன் கடையைப் பார்த்துக் கல்லை ஓங்குகிறான். தூக்கிய கை பாதி முகத்தை மறைக்கிறது. அப்பா அந்தக் கடையில்தான் விற்பனையாளராக இருந்தார். அதன் முதலாளியையும் அடுத்த வாரம் நடக்கவிருந்த என் ஓவியக் கண்காட்சிக்கு அழைத்திருந்தேன். கல்லெறிந்தவனைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும், ஊரே பார்க்கட்டும் என்று ஒரு வெறி எனக்கு. ஒவ்வொரு புள்ளியையும் செதுக்கும்போது அவனைக் கரித்துக்கொட்டினேன்.

தாளை உரித்தெடுத்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். லினோவில் படத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் அச்சில் நேராக விழும். அவசரத்தில் அப்படியே செதுக்கித் தொலைத்திருக்கிறேன். வலது கையில் இருந்த கல் இடது கைக்குப் போய்விட்டது.

ஆனாலும் ஏதோ சரியாகிவிட்ட மாதிரி இருந்தது. செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் அவன் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. எந்தத் தையல்காரர் அங்கே பை வைப்பார்? பத்திரிகைக்காரர்கள்தான் அன்று பிலிமைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதை நான் தெரியாமல் நேராக்கியிருக்கிறேன். அப்படியென்றால் அவன் இடது கைக்காரன்.

அதற்குப் பிறகுதான் அந்த நிற்பைக் கவனித்தேன். ஒரு தோளை இறக்கி, கழுத்தைச் சாய்த்து. சின்ன வயதில் தெருவில் எனக்குப் பந்து போட்ட அதே நிற்பு. சாப்பிடுவதைத் தவிர எல்லாவற்றையும் இடது கையால் செய்கிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

படியில் செருப்புச் சத்தம். மறைக்கலாமென்றால் மை ஈரம். அப்பா இடது கையில் காபி டம்ளரோடு உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தார். டம்ளரை மேசையில் வைக்க அவருக்கு நெடுநேரமாயிற்று.

"கூட்டத்துல மாட்டிக்கிட்டேன் கண்ணு. கையில கல்லைக் குடுத்து 'ஹொடி, ஹொடி'ன்னு, அடி அடின்னு கன்னடத்துல கத்துனாங்க. எறியாம நின்னிருந்தா தமிழன்னு தெரிஞ்சுபோயிருக்கும். அடுத்த நாள் கண்ணாடியெல்லாம் நான்தான் கூட்டி அள்ளுனேன். முதலாளி என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாரு."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அவரை எங்காவது ஒளித்து வைத்துவிட வேண்டும் என்று பதறியது. வருடக்கணக்காக அந்தக் கடையில் துணி வெட்டிக் கொடுத்த கை அது. முதலாளி பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

"இன்னும் நாள் இருக்குப்பா. வேற லினோல செதுக்கிடறேன். பேப்பர்ல வந்த மாதிரியே வலது கை."

அப்பா ஈரத் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம் கண்ணு. இப்படியே மாட்டு. அவரு வர்றப்ப நான் பக்கத்துல நின்னுக்கறேன்."