ஜிப் வைக்காத மிருகம்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பது. ஷட்டர் இறங்கியதும் கண்ணில் பட்டது, அதன் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெயில். அதுவரை பேய், அமானுஷ்யம் எதையும் நான் நம்பியதில்லை. பத்திரிகைக்கு அப்படிச் செய்தி வந்தால் பாதியாக வெட்டுவது என் வேலை. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

மண்ணூர்பேட்டையில் ரப்பர் வாஷர் பட்டறை வைத்திருக்கும் குமார் என் பள்ளித் தோழன். ஐம்பதுகளில் அமெரிக்காவில் சொற்பக் காசில் எடுத்த கறுப்பு வெள்ளை ராட்சசப் படங்கள் என்றால் அவனுக்கு உயிர். அணுகுண்டு வெடிக்கும், கடலிலிருந்து ஒரு ஜந்து எழும், அது திரும்பினால் முதுகில் ஜிப் தெரியும். அதேபோல் குறும்படம் எடுக்க ரப்பரில் ஓர் உடை செய்திருந்தான். உள்ளே நான்.

"ஜிப்பே வெக்கல மாமே. எவனும் சிரிக்க முடியாது" என்று சொல்லி, நான் நுழைந்த முதுகுத் திறப்பைப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் தடவி ஒட்டினான். தலை, கை, கால் எல்லாம் சேர்ந்த ஒரே உடை.

ஒரு காட்சி முடிந்தது. அறுத்து என்னை வெளியே எடுக்க வேண்டும். பட்டறைக் கத்தி முதுகையும் கிழித்துவிடும் என்று பயந்து சின்ன பிளேடு வாங்கக் கிளம்பினான்.

"மூச்சு முட்டுதுடா, சீக்கிரம் வா."

"இன்னா மச்சான், ஊரையே அழிக்கிற மிருகம்டா நீ, பத்து நிமிசம் தாங்க மாட்டியா?"

தெருநாய் வந்து ரப்பரைக் கடிக்குமென்று ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டிக்கொண்டு போனான்.

ஞாயிறென்பதால் பக்கத்தில் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. தகரக் கூரை தகித்தது. வியர்வையில் என் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி, தொளதொளத்த உடைக்குள் இறங்கி இடது காலில் போய் நின்றது. சூட்டில் ரப்பர் இளகி வாய்த் துளை உதட்டோடு ஒட்டியது. ஷட்டரைத் தட்டினேன்; ரப்பர் கைக்குச் சத்தம் வரவில்லை. மேஜையில் போன் அடித்தது, மூன்று விரல் நகங்களால் எடுக்க முடியவில்லை. மூச்சு வராமல் குப்புற விழுந்தேன்.

அப்போது ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பிடரியிலிருந்து இடுப்பு வரை, அவசரமில்லாமல் இறங்கியது. ஈர முதுகில் காற்று பட்டது. பின்பக்கமாக உருவிக்கொண்டு வெளியே வந்து ஷட்டர் ஓரம் ஊர்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

குமார் பூட்டைத் திறந்தபோது கையில் புது பிளேடு இருந்தது.

"எவன்டா தொறந்தான் உன்னிய?"

"நீ வெச்ச ஜிப்தான்."

"எங்க கீது ஜிப்பு?"

உடையைப் புரட்டினான். ஒட்டிய கோடு முழுசாக இருந்தது. கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பார்த்தான். எங்கேயும் விடவில்லை. அவன் சிரிக்கவில்லை.

படம் நின்றுவிட்டது. உடை இப்போதும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. ஆட்டினால் இடது காலுக்குள் என் கண்ணாடி கடகடக்கும். அறுத்துத் தரவா என்று குமார் கேட்கவில்லை. நான் வேறு கண்ணாடி வாங்கிக்கொண்டேன்.