நீல அடுக்கு இருக்க வேண்டிய இடம்

அன்று ஒன்பதாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள்: முப்பத்திரண்டு பிள்ளைகள், அவர்களுடைய அறிவியல் டீச்சர், பெற்றோர் என்று எட்டுப் பேர். எட்டில் ஏழு பேர் பிள்ளைகளின் வேலையைப் பார்க்க வந்தவர்கள். நான் பாக்கி வாங்க வந்தவள்.

சுரங்க டவுன்ஷிப்பை ஒட்டிய ஊர் வடக்குத்து. அங்கே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸில் கரண்ட் பில்லுக்குக்கூட மிஞ்சாது. பள்ளிக்கூட பிராஜெக்ட்தான் பிழைப்பு. டவுன்ஷிப் பிள்ளைகளை மாடல் செய்யச் சொல்வார்கள், அப்பாக்கள் என்னிடம் சொல்வார்கள், நான் செய்வேன், பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய் மார்க் வாங்கும். நான் ஒன்பதாவதில் பாதியில் நின்றவள். என் கையால் எத்தனையோ பேர் ஒன்பதாவது தேறியிருக்கிறார்கள்.

அதிகம் விற்பது சுரங்க மாடல். கண்ணாடித் தொட்டியில் கலர் பொடியை அடுக்கடுக்காகக் கொட்ட வேண்டும். மேலே செம்மண், அதற்கடுத்து நீலத்தில் தண்ணீர், பிறகு மணல், களிமண், அடியில் கறுப்பாக நிலக்கரி. தண்ணீரை மேலே வைக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சுரங்கத்துத் தண்ணீர் குழாய் வழியாக வந்து வாய்க்காலில் கொட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். மேலே ஓடுவது மேலேதானே இருந்திருக்கும். ஆறு வருடமாக அப்படித்தான் கொட்டினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். பருவம் முழுக்க ஒரே பிராஜெக்ட்: நம் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது. பிள்ளைகள் வரைய வேண்டும், மற்ற பிள்ளைகள் குறை சொல்ல வேண்டும், திரும்ப வரைய வேண்டும். மறுபடி குறை, மறுபடி வரைதல். என் மகளும் அந்த வகுப்புதான். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு முறை வரைந்துவிட்டாள்.

"மொதல்ல வரஞ்சதுக்கு என்னாடி கேடு?"

"அதுல அளவே தப்பும்மா."

எல்லாப் பிள்ளையும் இப்படித் தானே வரைய ஆரம்பித்தால் என் கடைக்கு யார் வருவார்கள்? அந்த நேரத்தில்தான் ஒரு சார் வந்தார். மைன்ஸில் பெர்மனென்ட். அவர் மகனும் அதே வகுப்பு.

"அந்த டீச்சர் சும்மா நோண்டிக்கிட்டே இருக்கும்மா. நீ பளிச்சுனு ஒண்ணு பண்ணிக் குடு, வாய மூடட்டும்."

ஆயிரத்து எழுநூறு பேசி ஐந்நூறு கொடுத்தார். மீதி, மாடலை வகுப்பில் வைக்கும் நாளில். அந்த மீதிதான் என் மகளின் அந்த மாத வேன் காசு.

நான் பொடி கொட்டும்போது மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"அம்மா, நீலம் அங்க வராது."

"போயி பாத்திரத்த கழுவு."

போய்விட்டாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வகுப்பறையில் கரும்பலகை நிறைய எழுதியிருந்தது: ஆளைப் பேசாதே, வேலையைப் பேசு, எதை மாற்ற வேண்டும் என்று குறிப்பாகச் சொல். மேசை மேல் என் தொட்டி மின்னிக்கொண்டிருந்தது. யார் பேசுகிறீர்கள் என்று டீச்சர் கேட்டதும் கையைத் தூக்கியது என் மகள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"கலர் சுத்தமா இருக்கு மிஸ். கோடு பிசிறு இல்ல. ஆனா தண்ணி தப்பான எடத்துல இருக்கு. பெரிய தண்ணி கரிக்குக் கீழ இருந்து முட்டிக்கினு இருக்கு. அதனாலதான் கரி வெட்டறதுக்கு முன்ன சுத்தி போர் போட்டு எறைக்கறாங்க. எங்கப்பா பம்புல கான்ட்ராக்ட் வேல பாக்கறாரு. அவர கேட்டேன்."

"நீ ஏன்பா மேல வெச்ச?" என்று டீச்சர் அந்த சாரின் பையனைக் கேட்டார். பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வராந்தாவில் அந்த சார் என்னை மறித்தார்.

"தப்பு மாடலுக்கு நான் எதுக்கும்மா காசு குடுக்கணும்?"

"மைன்ஸ்லதான சார் இருக்கீங்க? வாங்கினு போவும்போது பாக்கலியா?"

"நான் அக்கவுன்ட்ஸ்மா."

"அப்ப கணக்காச்சும் தெரியும்ல. ஆயிரத்து எரநூறு."

வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குள் டீச்சர் வந்தார். "நீங்க செஞ்சதுன்னு தெரியுங்க. நல்ல சுத்தமான கை. ஒரு நாள் வந்து பொடி கொட்டற விதத்தப் புள்ளைங்களுக்குக் காட்டுங்களேன்."

"காசு உண்டுங்களா?"

"அதுக்கெல்லாம் வழி இல்லீங்க."

"எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டு, அத எப்பிடிப் போடறதுன்னும் நானே காட்டணுமா?"

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை.

வீட்டில் கணவரைக் கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடியே, "தண்ணி கீழதான இருக்கு. நீ என்னிக்குக் கேட்ட?" என்றார். ஆறு வருடமாக அவர் கண் முன்னால்தான் கொட்டியிருக்கிறேன். எத்தனை குவார்ட்டர்ஸில் எத்தனை ஃபிரிட்ஜ் மேல் என் தொட்டிகள் நீலத்தை மேலே வைத்துக்கொண்டு நிற்கின்றனவோ. ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று, கடை வாசலில் வண்டி நின்றாலே கல்லாவைப் பூட்டினேன்.

மகளை விடவில்லை. "பெத்தவள நாலு பேரு முன்னால நிக்க வெச்சிட்டல்ல?"

"உன்ன ஒண்ணும் சொல்லலியேம்மா. தொட்டியத்தான சொன்னேன்."

"அந்தத் தொட்டிதான்டி நான். வேன் காசு யாரு குடுப்பா?"

"நான் பஸ்ல போறேன்." ஐந்தாவது காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து பஸ்ஸில்தான் போகிறாள். கூட்டத்தில் தொங்குகிறாளோ என்று தினமும் நாலரை மணிக்கு அவள் வந்து சேரும்வரை எனக்கு வேலை ஓடுவதில்லை. அதை அவளிடம் சொல்லவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த சாரின் மகன் சைக்கிளில் வந்தான். கை முழுக்கக் கலர் பொடி.

"நீலம் கால் கிலோ குடுங்க ஆன்ட்டி. இது மூணாவது தடவ. எவ்ளோ கனம் வெக்கணும்?"

"உங்கப்பாவ கேளு."

"அவருக்குத் தெரியலங்க. உங்க பொண்ணக் கேக்கவும் பயமா இருக்கு, மறுபடியும் எதுனா சொல்லும்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பொடிக்குக் காசை எண்ணி வைத்தான். பொட்டலத்தைக் கட்டி, அதன் மேல் பேனாவால் அழுத்தி எழுதி, அப்பாவிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தேன்: பாக்கி, ஆயிரத்து இருநூறு ரூபாய்.