ஜெயராஜுக்கு ஒரு ஹலால் ஹேம்பர்

போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டும் ஜெயராஜை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். என் வீட்டுக்காரர் ரெங்கசாமியைக் கெடுத்தவன் அவன்தான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் இவர் அவனுக்கு ஊற்றினார், அவன் இவருக்கு ஊற்றினான். போன பிப்ரவரியில் ஈரல் வீங்கி இவர் செத்தார். அவன் சாகவில்லை. அதுவும் எனக்குக் கோபம்.

சவம் எடுத்த அன்று அவன் குடித்திருந்தான். கருமாதிக்குக் குடிக்காமல் வந்தான். "இனிமே தொட மாட்டேன் அண்ணி" என்றான். அதே வார்த்தையை என் வீட்டுக்காரரும் நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

ஜெயராஜ் காப்பாரில் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். பதினாலு வயதில் லோரி கிளீனராக ஏறினான். தூக்கம் வராமலிருக்க ஒரு மிடறு, தூக்கம் வர ஒரு மிடறு என்று அங்கேதான் பழகினானாம். தங்கமணியைக் கட்டிய பிறகும் விடவில்லை. அவள் மேருவில் கையுறை பேக்டரியில் ஷிப்டு பார்த்துக் குடும்பத்தை ஓட்டினாள்.

கருமாதி முடிந்த பிறகு அந்த ஆள் மாதம் ஒரு தடவை என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தான். நான் கேட்கவில்லை, அவனே வந்தான். காரில் ஏறியதும் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தேடுவேன். கிட்டப் போய் மோந்து பார்ப்பேன்.

"ஊதிக் காட்டவா அண்ணி? போலீஸ்காரன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்று சிரிப்பான்.

"அவன் புருஷன் குடிச்சுச் செத்திருந்தா செய்வான். ஊது."

ஊதுவான். வெற்றிலை வாசம்தான் வரும். வெற்றிலை எதை மறைக்க என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

டிசம்பர் வந்ததும் தங்கமணி ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அக்கா, வருஷா வருஷம் கிறிஸ்மஸ் அன்னிக்குத்தான் மோசமா குடிப்பாரு. இந்த ஒரு நாளத் தாண்டிட்டாருன்னா நான் நம்பிருவேன். தாண்டலன்னா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

பத்து மாதம் என்னைச் சுமந்த மனுஷனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. நல்ல ஹேம்பராக, பரிசுக் கூடையாக ஒன்று கொடுக்கலாம் என்று நினைத்தேன். கிள்ளானில் வாங்கினால் அவன் காதுக்குப் போய்விடும். ரயிலேறி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போனேன்.

கடையில் இந்துஜா என்று ஒரு பெண். கூடையெல்லாம் கண்ணாடித் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, நடுவில் போத்தல் நிமிர்ந்து நின்றது.

"இது எங்க டாப் ஹேம்பர் ஆன்டி. ரெட் வைன், புரூட் கேக், சாக்லேட் எல்லாம் இருக்கு."

"வைன் வேணாம். எடுத்துரு."

"கேக் மட்டும் போதுமா? ரம்முல ஊற வச்சது, செம டேஸ்ட்."

"கேக்குலயுமா?"

"இந்த சாக்லேட்டுலகூட உள்ள கொஞ்சம் பிராந்தி இருக்கு ஆன்டி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாக்லேட்டுக்குள் ஒளித்து வைப்பார்கள் என்று இத்தனை வயதில் எனக்குத் தெரியாது. இனி அவள் எதைக் காட்டினாலும் நம்புவதாக இல்லை. எனக்கு ஆங்கிலம் வராது, தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் இந்த நாட்டில் எழுத்து தெரியாதவளுக்கும் தெரிந்த ஒரு முத்திரை இருக்கிறது, ஹலால்; அது இருந்தால் உள்ளே ஒரு சொட்டுச் சாராயம் இருக்காது.

"ஹலால் ஹேம்பர் இருக்கா?"

அவள் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள். "யாருக்கு ஆன்டி? ராயா பெருநாளுக்கா? அது இப்ப இல்லையே."

"கிறிஸ்மஸுக்குத்தான். கிறிஸ்துவங்களுக்கு."

"அவங்க வைன் குடிப்பாங்க லா ஆன்டி, தப்பே இல்ல."

"அவங்க குடிப்பாங்க. இவன் குடிக்கக் கூடாது. ஹலால் எடு."

உள்ளே போய் ஒரு கூடை கொண்டு வந்தாள். தாளைப் பிரிக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே பிரித்தாள். பிஸ்கட், பேரீச்சை, பாதாம், தேன். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி முத்திரையைத் தேடினேன். நடுவில் இருந்தது திராட்சை ஜூஸ். அதிலும் முத்திரை இருந்தது. பிறகுதான் கட்டச் சொன்னேன்.

கிறிஸ்மஸ் அன்று காலை, சர்ச்சில் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியதும் கூடையோடு போனேன். ஜெயராஜ் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். சிரித்துக்கொண்டே ரிப்பனை அவிழ்த்தவன், தாளை விலக்கியதும் அப்படியே நின்றுவிட்டான்.

தங்கமணி எட்டிப் பார்த்தாள். "அக்கா! என்னா வேல பண்ணிருக்கீங்க? அண்ணன் போனது பத்தாதா, இவரையும் அனுப்பணுமா?"

"கத்தாதடி! ஜூஸு அது. முத்திரையப் பாரு!"

அப்போதுதான் நானே அந்தப் போத்தலை ஒழுங்காகப் பார்த்தேன். கரும்பச்சைக் கண்ணாடி. நீளக் கழுத்து. தலையில் தங்கத் தாள். அச்சு அசல் வைன் போத்தல். முத்திரையைத் தேடிய என் கண்ணுக்கு அது எதுவும் படவில்லை.

ஜெயராஜ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"உள்ள ஜூஸுதான், நம்புறேன் அண்ணி. ஆனா அந்தக் கழுத்தப் புடிச்சா என் கைக்கு அது தெரியாது."

"தூக்கிப் போட்டுறேன்" என்று தங்கமணி பாய்ந்தாள்.

"வேணாம். பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து தூக்கிட்டு வந்திருக்காங்க. ஜக்குல ஊத்திக் கொண்டா. நான் வெளிய நிக்கிறேன். மூடி தொறக்கிற சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது."

அவன் வெளியே போய்க் காரை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தான். நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் துண்டைச் சுற்றி அந்த மூடியோடு மல்லுக்கட்டினோம். ஜக்கில் ஊற்றி முதலில் நான் குடித்தேன். மூக்கில் ஏறியது, ஜூஸில் கலந்த சோடாதான். தங்கமணியும் குடித்தாள். பிறகு பிள்ளைகள். கடைசியாக அவனைக் கூப்பிட்டோம்.

எவர்சில்வர் தம்ளரில் கொடுத்தோம். ஒரே மூச்சில் குடித்தான். நாங்கள் இருவரும் அவன் வாயையே பார்த்தோம்.

"த்தூ, என்னா இனிப்பு!" என்றான். "பிரியாணி ஆயிருச்சா?"

தங்கமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டியைத் திறந்தாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

மாலை தேத்தண்ணி குடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவன் வீட்டை விட்டு அசையவில்லை, பிள்ளைகளோடு கேரம் ஆடினான். கிளம்பும்போது காலிப் போத்தலைக் கையோடு எடுத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியில்கூட அது கிடக்கக் கூடாது. பை எதுவும் கிடைக்கவில்லை, அப்படியே கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

எங்கள் வீட்டு வரிசையில் குடியிருக்கும் லோகேஸ்வரி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் பிளந்துவிட்டது.

"என்னாக்கா இது, நீங்களுமா?"

"ஆமாடி. ஒரு போத்தல முழுசா காலி பண்ணிட்டேன். உனக்கு ஒரு சொட்டு வைக்கல" என்றேன்.

நாளைக்கு இந்த வரிசை முழுக்க இதுதான் பேச்சு. பேசட்டும். அதில் ஜெயராஜ் பெயர் வராது.