தங்கையின் அட்டையில் என் மூச்சு

தங்கைக்கு இருப்பது லேசான ஆஸ்துமா என்றுதான் கிளினிக்கில் சொன்னார்கள். சாம்பல்தீவில் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் அது லேசாக இருக்கவில்லை. தூசு ஆகாது என்று முற்றம் கூட்டுவது என் தலையில் விழுந்தது. பூனையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அது என் பூனை. எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஏழு.

கிளினிக்கில் ஒரு பிளாஸ்ரிக் குழாயும் கொடுத்திருந்தார்கள். மூச்சை இழுத்து ஒரே வீச்சில் ஊதினால் அதிலுள்ள சிவப்பு முள் மேலே போகும். அது நிற்கும் எண்ணைக் காலையும் மாலையும் ஓர் அட்டையில் குறிக்க வேண்டும். மூச்சுக்குழாய் வீங்கத் தொடங்கினால், இழுப்பு வருவதற்கு முன்பே எண் குறைந்துவிடுமாம். அம்மா உப்புவெளியில் ஒரு விடுதியில் வேலை செய்ததால், எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

அம்மா வேலையால் வந்து கைப்பையை வைக்க முன்னமே கேட்பார்: "இண்டைக்கு எத்தினை?" எண் குறைந்திருந்தால் தங்கையை மடியில் வைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார். அப்படியொரு நாளில், கணக்கில் முழுப் புள்ளி எடுத்த என் தாள் கதிரைமேல் கிடந்தபடியே கிடந்தது.

அடுத்த நாள் தங்கை ஊதிய பிறகு நானும் ஊதினேன். முள் எங்கேயோ மேலே போனது. அந்த எண்ணை அவளுடைய அட்டையில் எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அன்று அம்மா அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்குத் தலை பின்னிவிட்டார். இரண்டு கிழமை அப்படியே எழுதினேன்.

கிளினிக் நாளன்று டொக்டருக்கும் அட்டை பிடித்துக்கொண்டது. "பம்ப் மருந்தைக் குறைக்கலாம்போல" என்றபடி தங்கையை ஊதச் சொன்னார். முள் அட்டையில் இருந்ததற்கு வெகு கீழே நின்றது. அவர் அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு அட்டையை எழுதுவது யார் என்று கேட்டு, அம்மா என்னைக் காட்டியதும், ஊதுகுழாயின் வாயை மாற்றி என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் ஊதுங்கோ, மகள்."

மெல்ல ஊதியிருக்கலாம். ஆனால் அந்த அறையில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலமாக ஊதினேன்.

"அம்மா, இந்த அட்டையில இருக்கிறது மூத்த பிள்ளையின்ர மூச்சு" என்றார் டொக்டர். "சின்னவவுக்கு நெஞ்சில இழுப்பு இருக்கு. இதை நம்பி மருந்தைக் குறைச்சிருந்தால் கஷ்டப்பட்டிருப்பா."

அம்மா ஏசவில்லை. பஸ்ஸில் எங்களுக்குப் பின்னால் இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். தங்கை என் காதருகே சாய்ந்தாள்.

"அக்கா, இனி உங்கட நம்பரை எனக்கு எழுத மாட்டீங்களோ?"

நக்கலடிக்கிறாள் என்று முழங்கையால் இடித்தேன். அவள் யன்னல் பக்கம் திரும்பி, கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். அவளுக்கும் என்மேல் பொறாமை இருக்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.