நைனாவின் கீழ்த்தாடை

பல்செட்டைக் கையில் வாங்கிய டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருங்க பண்ணது இது?" என்றார். நானும் அப்போதுதான் பார்த்தேன். அதன் அடிப்பக்கத்தில் மஞ்சளாக என்னவோ கெட்டியாக அப்பியிருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த என் நைனா பொக்கை வாயோடு சிரித்தார்.

"நான்தான் சார். லூசா கீதுன்னு போட்டுக்கு அடைக்கிற பசைய கொஞ்சம் தடவிகினேன்."

பைபர் படகில் ஓட்டை விழுந்தால் அடைப்பார்களே, அந்தப் பசை! சுனாமிக்குப் பிறகு சதுரங்கப்பட்டினம் கரையெங்கும் பைபர் படகுகள் வந்துவிட்டன, மீந்த பசையும் வீட்டுக்கு வீடு கிடந்தது. அதை ஒரு மனுஷன் வாயில் வைத்துக்கொள்வான் என்று யார் கண்டது? செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்துக் கிளினிக் என்றும் பார்க்காமல், "ஒனக்கு மூள கீதா இல்லியா நைனா?" என்று கத்திவிட்டேன்.

"கடல்லயே நிக்குது, வாயில நிக்காதா?" என்றார்.

நைனா கடலுக்குப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டார். ஆனாலும் குப்பத்தில் கிழிந்த வலையெல்லாம் அவரிடம்தான் வரும். அவர் போட்ட முடிச்சு நழுவாது என்று பேர். ஒரு கையில் வலை ஊசி, மறு கையில் வலைக் கண்ணி, நூல் முனையைப் பல்லால் கடித்து வெடுக்கென்று இழுத்தால்தான் நைலான் இறுகும். புகையிலை போட்டுப் போட்டுப் பல்லெல்லாம் ஆட, தொண்ணூறுகளிலேயே அத்தனையையும் பிடுங்கிச் செட்டு கட்டிக்கொண்டார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். நைனாவுக்குச் சொல் போனதில் வருத்தமே இல்லை, முடிச்சு போய்விடுமோ என்பதுதான் பயம். செட்டு நழுவ நழுவப் பசை ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். "கீழ்த்தாடை எலும்பு ரெண்டு விரல் உயரமாவது இருக்கணும். இவருக்குப் பாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பென்சில் பருமனுக்கு ஒரு கோடு. மோவாய்ப் பக்கம் மட்டும் கொஞ்சம் மேடு.

"பல் போன இடத்துல எலும்பு தானாவே கரையும். இவர் அழுத்தி அழுத்தி இன்னும் கரைச்சிருக்கார். எதையாவது கடிச்சு இழுத்தா தாடையே முறிஞ்சிடும்."

சுறாவை இழுத்துக் கரையில் போட்ட ஆளுக்கு இவ்வளவுதானா எலும்பு? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மோவாய் மேட்டில் இரண்டு டைட்டானியம் ஸ்க்ரூ இறக்கி, அவை எலும்போடு பிடித்துக்கொண்டதும் புதுச் செட்டை அதன்மேல் மாட்டலாம் என்றார் டாக்டர். மனுஷன் தாடையில் ஸ்க்ரூவா! நைனாவோ, "போட்டுக்கே போல்ட்டு போட்றோம். நீ போடு சார்" என்றார்.

மாதக்கணக்கில் கஞ்சிதான். பிறகு ஈறுக்கு மேலே மிளகு அளவில் இரண்டு உலோகக் குமிழ்கள் எட்டிப் பார்த்தன. செட்டை வைத்து அழுத்தினால் டிச் பட்டன் மாதிரி டிக்கென்று உட்கார்ந்தது. "பெரியவரே, இந்தப் பல்லால நூலைக் கடிச்சு இழுக்கவே கூடாது" என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். நைனா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அன்று அவர் வறுத்த வஞ்சிரத்தை மென்று தின்பதைப் பார்த்து அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் நிம்மதியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது வாசல் மணலில் வலையைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சில்வர் டம்ளர், தண்ணீருக்குள் புதுப் பல்செட்டு. அவர் வாய் திறந்திருந்தது. நைலான் நூல் அந்த இரண்டு குமிழிலும் சுற்றியிருந்தது. தலையைப் பின்னால் சாய்த்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஐயோ நைனா!" ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பல்லால இழுக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு டாக்டரு? பல்லத்தான் கய்ட்டி வெச்சிகிறேனே" என்றார்.

மீன் கூடையோடு வந்த அம்மா, "நாலு நாளா இதே கூத்துதான். நீயே கேளு" என்றாள்.

வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். "தாட ஒடஞ்சா கஞ்சிகூட எறங்காது, தெரிதா ஒனக்கு?"

அவர் முகம் சுருங்கிப்போனது. பாதியில் நின்ற முடிச்சைக் காட்டி, "அப்போ இத்த யாரு இறுக்குறது?" என்றார். புயலில் மாட்டித் திரும்பிய நாளில்கூட அவர் குரலில் இப்படியொரு பயத்தை நான் கேட்டதில்லை.

ஆபீஸ் வேலை கிடைத்த நாளிலிருந்து நான் வலையைத் தொட்டதே இல்லை. கைப்பையை மணலில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். நூல் முனையை எடுத்து என் பல்லில் கடித்துக்கொண்டேன். உப்பும் மீன் கவிச்சியும் நாக்கில் ஏறின.

நைனா கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார்.

"கெட்டியா கடிச்சி இழு" என்றார். "உனுக்கு எலும்பு கீது."