பிறை எட்டுத் தண்ணீர்

மண்கும்பான் கடற்கரைப் பள்ளிவாசல் கிணற்றடியில் ஒரு தகர வாளி கவிழ்ந்து கிடக்கிறது. அதைத் தொடும்போதெல்லாம் என் வலது கால் தானாக வாசல் பக்கம் திரும்பும். ஐம்பதைத் தாண்டியவனுக்கு இது மரியாதையில்லை என்பது எனக்குத் தெரியும், காலுக்குத்தான் தெரியாது.

வாளி தையற்கார நானாவுடையது. தொண்ணூறில் ஊரைவிட்டு அனுப்பப்பட்ட முஸ்லிம்களில் தனியனாகத் திரும்பி வந்து, பள்ளிக்கு எதிரே தையல் மெஷினோடு இருந்த மனிதர். தினமும் ஐந்து வாளி இறைத்துத் தொட்டியை நிரப்புவார். சோளகக் காற்று வீசும் வறட்சியில் காகமும் கிளியும் அதை நம்பித்தான் இருந்தன. ஹஜ்ஜுக்குப் போகுமுன், அங்கே உடுக்கும் இரண்டு வெள்ளைத் துணிகளைக் காட்டினார். ஊருக்கெல்லாம் தைத்தவர் ஒரு தையலும் இல்லாமல் போகிறாரே என்று கேலி செய்தேன். மௌத்தாகி மண்ணுக்குள் போகும்போதும் தனக்கு இதுதான் உடுப்பு என்றார். என் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு பள்ளிக் கேற்றுப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்தார்.

“ஹஜ் மாசத்துப் பிறை எட்டிலைதான் மினாவுக்கு வெளிக்கிடுறது. ஹஜ்ஜின்ரை முதல் நாள். தர்வியா எண்டு பேர். முந்தின ஆக்கள் பயணத்துக்குத் தண்ணி நிரப்பின நாள். மற்ற நாள் தவறினாலும் அண்டைக்கு நீங்கள் தொட்டியை நிரப்பவேணும். அது வத்திக் கிடந்தால் என்ரை பயணம் தாகத்தோடை போகும்.”

மற்ற நாட்களில் நான் தாராளமாகத் தவறினேன். கலண்டரில் பிறை எட்டைப் பார்த்து, உச்சி வெயிலில் போனேன். பூட்டு நான் பூட்டியபடியே இருந்தது. உள்ளே தொட்டி விளிம்பு தட்ட நிரம்பியிருந்தது. வாளி ஈரம். மணலில் என் காலடிகளைத் தவிர வேறில்லை. அந்த வெள்ளைத் துணிகள் ஞாபகம் வந்தன. மனுசன் அங்கே மௌத்தாகி, தண்ணீர் இறைக்க வந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். தேவாரத்தில் பாதியும் பிஸ்மில்லாவில் பாதியும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு, கொதிக்கும் மணலில் ஒற்றைச் செருப்போடு துள்ளித் துள்ளி வீடு வந்தேன்.

“என்னப்பா, மற்றச் செருப்பு எங்கை?” என்றாள் மனைவி.

பொழுதுபடும் நேரம் நானாவின் அழைப்பு வந்தது. இரண்டு முறை எடுக்கவில்லை. மௌத்தானவரோடு என்ன பேசுவது? மனைவிதான் போனை என் காதில் அழுத்தினாள்.

“இண்டைக்குப் பிறை ஒன்பது, அரபாவிலை நிக்கிறன். நேற்று நீங்கள் தொட்டியை நிரப்பினதுக்கு அல்லா நல்லது தரட்டும். மினாவிலை படுத்திருக்கேக்கை எங்கடை கிணத்துக் கப்பி கிறீச்சிட்டது கேட்டது. அஞ்சு வாளி. எண்ணினனான்.”

அங்கே ஒரு நாள் முந்திப் பிறை கண்டுவிட்டார்கள். நான் பார்த்தது நம்மூர்க் கலண்டர். அவருடைய பிறை எட்டில் நான் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

“ஓம் நானா,” என்றேன். நான் சொன்ன பொய்களில் என்னையே நடுங்க வைத்தது அது ஒன்றுதான்.

நானா திரும்பி வந்தார். இரண்டு வருடம் தானே இறைத்தார். பிறகு அதே வெள்ளைத் துணிகளில் போனார். நான் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. திறப்பு என்னிடமே தங்கிவிட்டது. பிழை வரக்கூடாதென்று, இப்போது அங்கத்தைய பிறை எட்டிலும் இங்கத்தைய பிறை எட்டிலும் போகிறேன்.

இந்த வருடம் அங்கத்தைய நாளில் விடியவே போனேன். பூட்டு பூட்டியபடி. வாளியைத் தொட்டேன், ஈரம். தொட்டியில் நாலு வாளித் தண்ணீர் நின்றது. ஐந்தாவதை எனக்கு விட்டிருந்தார். செருப்புகளைக் கழற்றி, ஓடுவதற்கு வசதியாக வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, இறைத்தேன்.