புதுக்கட்சிக்கு மங்கு கிடையாது

பேப்பர் விற்கிறவனுக்குச் செய்தியெல்லாம் கால் வழியாகத்தான் ஏறும். மூளைக்கு வந்து சேர்வதற்குள் முட்டி தேய்ந்துவிடும். சைக்கிள் கேரியரில் கட்டு ஏற்றி ரப்பர் தோட்டம் தோட்டமாக மிதித்த என் இனத்தாரே, உங்களுக்குத் தெரியாததா! லாபிஸ் ரயில் ஸ்டேஷனில் சிங்கப்பூர் பேப்பரை இறக்கி விற்றுக்கொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பார்த்த ஒரு தேர்தலைச் சொல்கிறேன். பொய் கலக்கவில்லை. கலந்த இடம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நிருபரைத் தேடி

எங்கள் வட்டாரத் தோட்டச் சனத்தின் சங்கத்துக்கு வருசா வருசம் தேர்தல் உண்டு. தலைவர் மட்டும் மாறவே மாட்டார். தோட்டத்து ஆபீசில் எல்லாக் குமாஸ்தாக்களுக்கும் மேலே இருந்த பெரிய கிராணியார்தான் எப்போதும். அந்த வருசம் சவரிமுத்து என்று, ரப்பர் மரத்தைக் கீறிப் பால்மரம் வெட்டுகிறவன் புதுக்கட்சி ஆரம்பித்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையின் அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகுகிறது, மழைக்காலத்துக்கு முன் சங்கம் அதை மாற்றித்தர வேண்டும். அவனுடைய கைக்குழந்தை அந்த ஈரத்தில் கிடந்து நெஞ்சுச் சளியோடு இழுத்துக்கொண்டிருந்தது.

"இதைப் பேப்பர்ல போட வைங்க அண்ணே" என்றான். எங்கள் ஊருக்கு நிருபர் யார் என்று விசாரித்தேன். சாட்சாத் பெரிய கிராணியார்! கேட்ட அதிர்ச்சியில் என் மீசையின் இடப்பக்கம் அங்கேயே நரைத்தது. இருந்தாலும் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புதுக்கட்சின்னு ஒண்ணு இருக்கிறதா எந்தப் பேப்பர்லயும் வரலையேய்யா. பேப்பர்ல வராத ஒண்ணை நான் எப்படிய்யா பேப்பர்ல எழுதுறது?"

இன்னொரு பேப்பர்

ஒரு பேப்பர் இல்லாவிட்டால் இன்னொன்று என்று ரோசம் வந்தது. சிங்கப்பூரிலிருந்து வேறு பெயரில் வந்த தமிழ்ப் பேப்பரையும் வரவழைத்தேன். கட்டைப் பிரித்ததும் கண்ணில் பூச்சி பறந்தது. இரண்டிலும் அதே கிராணியார் புகழ், அதே சங்கத்து விருந்து, எழுத்துப்பிழைகூட அதே இடத்தில்! பிறகு தெரிந்தது, இரண்டுக்கும் முதலாளி ஒருவரே.

ஸ்டேஷன் எதிரே கோப்பிக் கடை வைத்திருந்த ஆ சோங் என்ற சீனர், இரண்டையும் மேசைமேல் விரித்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "அலமாக்! எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனா ரெண்டும் சாமா லா, ஒரே மாதிரி!"

கங்காணியின் கணீர்க் குரல்

தோட்டத்தில் பேப்பர் படிப்பது தனி வழக்கம். சாயங்காலம் சனம் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில், வேலை வாங்குகிற கங்காணி நின்று உரக்க வாசிப்பார், எல்லாரும் உட்கார்ந்து கேட்பார்கள். அவர் வாசிப்பில் ஒரு விசேஷம்: வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் நடந்து வரும். சவரிமுத்துவும் நானும் கட்சிச் செய்தியை ஒரு தாளில் எழுதி, பேப்பருக்கு நடுவில் செருகி அவர் கையில் கொடுத்தோம்.

துணி விலையை வாசித்தார். கப்பல் செய்தியை வாசித்தார். அதே கணீர்க் குரலில், "ஆயாக்கொட்டகை ஒழுகுகிறது, தலைவருக்கு அக்கறை இல்லை, துரையிடம் சொல்ல வேண்டிய கங்காணியும் வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிறார்" என்று தன்னைப் பற்றியே வாசித்து முடித்தார். அப்புறம்தான் உறைத்தது. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து மரத்திலிருந்த குரங்குகளே இறங்கி ஓடின. சவரிமுத்துவின் மனைவி அன்னம்மா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "கங்காணி, அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படிங்க. புள்ள இருமுனதுல காதுல விழல."

மங்கு விவகாரம்

எங்கள் சங்கத்தில் ஓட்டு என்றால் ரப்பர் கொட்டை. ஆளுக்கொரு கொட்டை, கட்சிக்கொரு மங்கு, அதாவது மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம். தேர்தலன்று மேசைமேல் ஒரே ஒரு மங்கு இருந்தது. சவரிமுத்து தன் மங்கை எடுத்து வைக்கப் போனான். கிராணியார் தடுத்தார். போன தேர்தலில் நின்ற கட்சிக்குத்தான் இந்தத் தேர்தலில் மங்கு உண்டாம்.

"அப்ப புதுசா ஒரு கட்சி எப்பத்தான் நிக்கிறது?" என்று சவரிமுத்து கேட்டான். சனம் வரிசையாக வந்து அவன் காலடியில் கொட்டையைப் போட்டது. குவியல் என் சைக்கிள் ஹேண்டில்பார் உயரத்துக்கு எழும்பியது. நானே பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்தேன். மங்கில் கிடந்தது கிராணியார் கொட்டையும் கங்காணி கொட்டையும்தான். கிராணியார் எழுந்து, தொண்டையைச் செருமி, கொஞ்சமும் கூசாமல் அறிவித்தார்: "மங்குல விழுந்ததுதான் ஓட்டு. தரையில கிடக்கிறது குப்பை, கூட்டித் தள்ளுங்க!"

அமோக விற்பனை

"ஏகமனதாகத் தேர்வு" என்று இரண்டு பேப்பரிலும் கிராணியாரின் படம் அரைப் பக்கத்துக்கு வந்தது. தோட்டத்துக்குள் நுழைந்ததும் பெண்கள் ஓடி வந்து அத்தனையையும் வாங்கினார்கள். எழுத்துக்கூட்டவும் தெரியாதவர்கள்! எல்லாரும் கிராணியார் பக்கம் சாய்ந்துவிட்டார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே போனேன்.

ஆயாக்கொட்டகையில் வாளி நிறைய ரப்பர் பால். பேப்பரை அதில் தோய்த்து, கூரை ஓட்டைகளில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்து ஏணியில் நின்றான். மழை கொட்டியது. ஒரு சொட்டுக்கூட உள்ளே விழவில்லை. தூளிக்கு மேலே கிராணியார் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்னம்மா அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "தலைவர் இந்தக் கொட்டகைக்கு வந்தது இதான் மொத தடவை அண்ணே. அப்படியே இருக்கட்டும், புள்ள தூங்குது."

அத்தனை வருசம் பேப்பர் விற்றும், அச்சடித்த ஒன்று தோட்டத்துச் சனத்துக்கு உபயோகப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.